மார்க் குறைந்தால் பதவி உயர்வு போய்விடுமா?

கேள்வி: வேலையில் நான் கெட்டி. ஆனால் தன் உணர்வையும் பிறர் உணர்வையும் புரிந்து கையாளத் தெரிகிறதா என்று பார்க்க அலுவலகம் வைத்த உணர்வு நுண்ணறிவுத் தேர்வில் மார்க் குறைவு. மேலாளர் குறை சொல்லி மெயில் அனுப்பினால் சுடச்சுடப் பதில் போட்டுவிடுகிறேன். பதவி உயர்வு போய்விடுமோ?

பதில்: எந்த வகைத் தேர்வு என்று முதலில் பாருங்கள். 'பிறர் மனதை எளிதில் புரிந்துகொள்வேன்' என்பதற்கு 1 முதல் 5 வரை நீங்களே மார்க் போட்டீர்களா? அப்படியானால், அது பெரும்பாலும் உங்களைப் பற்றிய உங்கள் எண்ணத்தைத்தான் அளந்திருக்கிறது. (அலட்டல் பேர்வழிகள் இதில் அள்ளிவிடுவார்கள்!) முகபாவங்களையும் சூழ்நிலைகளையும் காட்டி விடை கேட்பது வேறு வகை; அது திறனை அளக்கப் பார்க்கிறது. உளவியலாளர்கள் சலோவே, மேயர் இருவரும் 1990-ல் உணர்வு நுண்ணறிவைத் திறன் என்றே வரையறுத்தார்கள். வாடிக்கையாளர் சேவை, நர்சிங் போன்ற பணிகளில் இதன் பலன் கூடுதல். தனியே உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் வேலையில் சொற்பமே.

உங்கள் சிக்கல் மெயில்தான். 'பதிலளி' பொத்தானைத் தொடாதீர்கள். முகவரி தானாக வந்து உட்கார்ந்துவிடும். புது மெயிலில், பெறுநர் இடத்தைக் காலியாக விட்டு, மனதில் உள்ளதைக் கொட்டுங்கள். அரை மணி கழித்துப் படியுங்கள். 'நீங்கள் எப்போதுமே...' என்று தொடங்கும் வரிகளை வெட்டுங்கள். தவறு எங்கே நடந்தது, எந்தத் தேதிக்குள் சரிசெய்வீர்கள் என்ற இரண்டு வரி மிஞ்சினால் போதும். அதை அனுப்புங்கள்.