'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் கதையுலகத்தில், மனிதரைப் போன்ற இனமான எல்ஃப்களுக்குச் சாவே இல்லையென்றால் அவர்களுக்கு நம்பிக்கை, வழிபாடு எல்லாம் எதற்கு?

சாவே இல்லை என்பது பாதிதான் சரி. முதுமையும் நோயும் அவர்களைக் கொல்லாது, ஆனால் வாள் கொல்லும், தாங்க முடியாத துக்கமும் கொல்லும். அப்படி இறந்தவரின் உயிர் மேற்கே தெய்வசக்திகள் வாழும் வாலினோர் நாட்டில், இறந்தோரின் காவலரான மாண்டோஸின் மண்டபங்களுக்குப் போய்க் காத்திருக்கும், அப்புறம் உடலோடு திரும்பியும் வரலாம். ஃபின்ராட் என்ற எல்ஃப் அரசர் அப்படி வந்தவர்தான். உலகம் இருக்கும்வரை அதைவிட்டு அவர்களால் வெளியேறவே முடியாது, மனிதர்களோ இறந்ததும் வெளியேறிவிடுவார்கள் என்பதால், மனிதர்களின் மரணத்தை, உலகைப் படைத்த கடவுளான இலுவதார் தந்த பரிசு என்கிறார்கள். அந்தக் கதைகளில் என்னை மிகவும் உலுக்கிய எண்ணம் இதுதான்.

கோயில், பூசாரி என்று எதையும் அங்கே பார்க்க முடியாது. குயிவியேனன் ஏரிக்கரையில் அவர்கள் முதன்முதலாகக் கண்விழித்தபோது சூரியனும் இல்லை, நிலவும் இல்லை, விண்மீன்கள் மட்டும்தான், அதனால் அந்த விண்மீன்களைப் படைத்த வர்தா என்ற தெய்வசக்தியை எல்பெரத் என்று அழைத்து உருகிப் பாடுகிறார்கள், ஆபத்தில் அவள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பாட்டுதான் அவர்களுடைய வழிபாடு என்று நான் நினைக்கிறேன்.

நம்முடைய 144 ஆண்டுகள் அவர்கள் கணக்கில் ஒரு 'யேன்'. அவ்வளவு நீண்ட வாழ்வில் எதையும் மறக்காமல், நேசித்ததெல்லாம் மங்கிப்போவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று மந்திர மோதிரங்களை அவர்கள் செய்ததே அந்த அழிவைத் தள்ளிப்போடத்தான்.