சிலிண்டர் இல்லாமலே மீன் தொட்டியில் செடி வளருமா?

கேள்வி: வீட்டில் 2 அடி நீள மீன் தொட்டி இருக்கிறது. அகலமும் உயரமும் 1 அடி. கப்பியும் மோலியும் வளர்க்கிறேன். போர்வெல் தண்ணீர்தான். நிஜச் செடி வைக்க ஆசைப்பட்டு இரண்டு முறை வாங்கி நட்டேன். இரண்டு முறையும் மூன்றாவது வாரத்தில் இலை கரைந்து, தண்டு அழுகி, பிடுங்கி எறிய வேண்டியதாயிற்று. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் தனி மண்ணும் இல்லாமல் எதுவும் வளராது என்கிறார் கடைக்காரர். அது உண்மையா? சுலபமாக வளரும் செடி எது? பத்து நாள் ஊருக்குப் போனால் தாங்குமா? — திருச்சி வாசகர்

பதில்: சிலிண்டர் வேண்டாம். தரையில் புல்வெளி போலப் படரும் குட்டைச் செடிகளுக்கும், ரத்தச் சிவப்பில் நிற்கும் செடிகளுக்கும்தான் அது தேவை. நீங்கள் கேட்பது அந்த ரகம் இல்லை. உங்கள் போர்வெல் தண்ணீரே பாதி வேலையைச் செய்துவிடும். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில், அந்த மூன்றாவது வாரத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

கடைக்கு வரும் பெரும்பாலான தொட்டிச் செடிகள் தண்ணீருக்குள் வளர்ந்தவை அல்ல. பண்ணையில் வேரை மட்டும் ஈரத்தில் வைத்து, இலையைக் காற்றில் விட்டு வளர்ப்பார்கள். அப்படி வளர்த்தால் பாசி பிடிக்காது, நத்தை ஏறாது, வளர்ச்சியும் வேகம். காற்றில் விட்ட இலை தடிமனாக, மேலே மெழுகுப் பூச்சோடு இருக்கும். அதைத் தண்ணீருக்குள் அமுக்கினால் அந்த இலையால் செடிக்குப் பெரிய பயன் இல்லை. அதனால் செடி பழைய இலையைக் கைவிட்டு, அதிலிருந்த சத்தை இழுத்துக்கொண்டு, தண்ணீருக்கு ஏற்ற மெல்லிய புது இலைகளை விடத் தொடங்கும். இந்த மாற்றத்துக்கு மூன்று, நான்கு வாரம் ஆகும். புதுத் துளிர் வரவேண்டிய நேரத்தில் நீங்கள் பிடுங்கிவிட்டீர்கள் என்பது என் கணிப்பு.

இதில் மோசமான பேர்வழி கிரிப்டோகொரைன். நட்ட ஒரு வாரத்தில் எல்லா இலையும் கண்ணாடிபோல் ஆகிக் கூழாகிவிடும். பார்த்தால் செத்தது என்றுதான் தோன்றும். மண்ணுக்குள் வேர்த்தண்டு கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். கூழான இலைகளை மட்டும் கத்தரித்து வெளியே எடுங்கள், இல்லையென்றால் அவை அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். வேரைத் தொடாதீர்கள். இடம் மாற்றி நட்டால் முதலிலிருந்து இதே கதைதான். எந்தச் செடியானாலும் பழைய இலையின் நிலைமையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், நடுக்குருத்தைப் பாருங்கள். அங்கே சின்னதாக ஒரு பச்சை தெரிந்தால் போதும்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. நீங்கள் வாங்கியது நீர்ச் செடிதானா? லக்கி பாம்பூ, வெள்ளைக் கோடு போட்ட டிரசீனா, மாண்டோ புல், சிங்கோனியம், இலைக்கு அடியில் ஊதா நிறம் கொண்ட ஹெமிகிராஃபிஸ் எல்லாம் மீன் கடைகளில் தண்ணீருக்குள் மூழ்கியபடி விற்பனைக்கு இருக்கும். இவை அத்தனையும் தரைச் செடிகள். சில வாரம் பச்சையாக நின்றுவிட்டு அழுகும், குருத்தே வராது. வெளியே எடுத்துப் பிடித்தால் தண்டு நிமிர்ந்து விறைப்பாக நிற்கிறதா, ஈரத்துணிபோல் தொங்குகிறதா என்று பாருங்கள். தண்ணீருக்குள்ளேயே வளர்ந்த செடி தொங்கும். ஆனால் அனுபியாஸ் நல்ல நீர்ச் செடியாக இருந்தும் விறைப்பாகத்தான் நிற்கும், பண்ணையில் காற்றில் வளர்ந்த செடியும் அப்படியே. ஆகவே பெயரைக் கேட்டு வாங்குவதுதான் பாதுகாப்பு. சென்னைப் பக்கம் போக வாய்த்தால் வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள், பெயர் சொல்லிக் கேட்டு வாங்கலாம்.

சரி, எதை வாங்குவது?

உங்கள் தண்ணீருக்கு முதல் தேர்வு வாலிஸ்னேரியா. நீளமான நாடா இலை, தொட்டியின் பின்வரிசைக்கு ஏற்றது. நம் ஊர்ப் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது, அதில் பைகார்பனேட் நிறைய இருக்கும். எல்லாச் செடிக்கும் கரைந்த கார்பன் டை ஆக்சைடுதான் உணவு என்றாலும், வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வொர்ட் மாதிரிச் சில செடிகள் அது குறையும்போது பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். சிலிண்டர் செய்ய வேண்டிய வேலையை உங்கள் குழாய் செய்கிறது என்று சொன்னது இதனால்தான். இலை மேல் வெள்ளையாகச் சொரசொரப்பு படிந்தால் அது சுண்ணாம்பு, நோய் இல்லை. நடும்போது வேரை மட்டும் மணலுக்குள் விட்டு, வேரும் இலையும் சேரும் வெண்மையான கழுத்துப் பகுதி வெளியே தெரியும்படி வையுங்கள். கழுத்து புதைந்தால் அழுகும். பிடித்துக்கொண்டால் பக்கத்தில் கொடி ஓடிக் குட்டி போடும், அப்புறம் நீங்கள்தான் பறித்துக் கட்டுப்படுத்த வேண்டும்.

அடுத்து ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா. இந்திய நீர்நிலைகளில் தானே வளரும் செடி. அமெரிக்காவில் இதை மத்திய அரசின் தீங்கான களைகள் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவு முரட்டு ஜாதி. ஆனால் இதையும் அழுக வைக்க ஒரு வழி இருக்கிறது. கடையில் ஐந்தாறு தண்டைச் சேர்த்து, அடியில் ஈயப் பட்டையைச் சுற்றிக் கொடுப்பார்கள். அந்தக் கட்டை அப்படியே மணலில் செருகினால், பட்டை நசுக்கிய இடம் கறுத்துக் கொழகொழவென்று ஆகி, ஒரு நாள் காலையில் மொத்தக் கட்டும் மேலே மிதக்கும். உங்கள் 'தண்டு அழுகல்' இதுவாகவும் இருக்கலாம். பட்டையைக் கழற்றுங்கள். நசுங்கிய அடிப்பாகத்தைக் கத்தரியால் வெட்டி எறியுங்கள். அடியில் இரண்டு கணுவின் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒவ்வொரு தண்டையும் தனித்தனியாக, விரல் அகல இடைவெளியில் செருகுங்கள். இலை கிள்ளிய கணுவிலிருந்துதான் வேர் வரும். தண்டு வளர்ந்து மேல்மட்டத்தைத் தொட்டதும் பாதியில் வெட்டி, வெட்டிய நுனியையும் பக்கத்தில் நடலாம். வாட்டர் விஸ்டேரியாவுக்கும் இதே முறைதான், அதுவும் ஹைக்ரோஃபிலா இனமே.

அனுபியாஸ் விலை கொஞ்சம் அதிகம், ஆனால் வருடக்கணக்கில் நிற்கும். மேற்கு ஆப்பிரிக்க ஓடைகளின் நிழலில் வளர்வது, அதனால் வெளிச்சம் குறைவாக இருந்தாலும் புகார் இல்லை. இஞ்சி மாதிரிப் படுக்கையாக ஓடும் அதன் தண்டை மட்டும் புதைக்கக் கூடாது. கல்லிலோ மரக்கட்டையிலோ கட்டிவிட வேண்டும். நூலால் கட்டலாம், அதைவிடச் சுலபம் ஃபெவிக்விக். கல்லை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, ஒரு சொட்டு வைத்து, தண்டின் அடிப்பாகத்தையோ வேரையோ அழுத்தி அரை நிமிடம் பிடியுங்கள். பசை தண்ணீரில் பட்டதும் வெள்ளையாகும், மீனுக்கு ஒன்றும் ஆகாது. அனுபியாஸ் மாதத்துக்கு ஓரிரு இலைதான் விடும். வளரவில்லையே என்று உரமும் விளக்கும் கூட்டினால் இலை மேல் பாசிதான் வளரும்.

ஜாவா ஃபெர்னையும் இப்படியே ஒட்டலாம். இலைக்கு அடியில் வரிசையாகத் தெரியும் பழுப்புப் புள்ளிகள் வித்துக்கூடுகள், கிள்ளிப் போட்டுவிடாதீர்கள். திருச்சி வெயிலுக்கு இது கொஞ்சம் முகம் சுளிக்கும், ஆகவே இரண்டாம் சுற்றில் பார்க்கலாம்.

நான் மேலே திட்டிய கிரிப்டோகொரைனையும் ஒதுக்க வேண்டாம். அதில் கடினமான தண்ணீரைத் தாங்கி எளிதாக வளர்வது 'வென்டி' (wendtii) என்ற வகை, இலங்கைச் செடி. முதல் மாதம் பொறுத்துக்கொண்டால் பிறகு கவனிப்பே கேட்காது. ஹார்ன்வொர்ட்டுக்கு வேரே கிடையாது, நடவும் வேண்டாம், மிதக்க விடுங்கள். கப்பிக் குஞ்சுகள் ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

மண்ணைப் பொறுத்தவரை, தொட்டியில் வண்ணக் கற்களோ மார்பிள் சில்லோ இருந்தால் எடுத்துவிடுங்கள். பெரிய கல்லில் வேர் பிடிக்காது, இடுக்கில் அழுக்கு தங்கும். ஆற்று மணலைச் சலித்து, 1 முதல் 3 மில்லிமீட்டர் பருமனுள்ளதை எடுத்து, கழுவிய தண்ணீர் தெளியும் வரை அலசி, 2 அங்குலம் போட்டால் போதும். கிரிப்டோகொரைன் பக்கத்தில் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வேர் மாத்திரையை (வேருக்கு உரம் தரும் மாத்திரை) மணலில் புதையுங்கள்.

விளக்கில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். உங்கள் தொட்டியில் மணல், கல் போக 50 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். இந்தச் செடிகளுக்கு லிட்டருக்கு 15 முதல் 20 லூமென் (வெளிச்சத்தின் அளவு) தாராளம். 9 வாட் எல்.இ.டி. ஒன்று ஏறத்தாழ 900 லூமென் தரும், கணக்கு சரியாக வந்துவிடுகிறது. பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்ட வெள்ளை விளக்காகப் பாருங்கள். நீலமும் சிவப்புமாக மினுக்கும் அலங்கார விளக்கு செடிக்கு உதவாது. முதல் மாதம் 6 மணி நேரம், பிறகு 7 அல்லது 8. டைமர் ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் மறந்துபோய் நள்ளிரவு வரை எரியவிடும் தொல்லை இல்லை. ஜன்னல் வெயில் நேராகப் படும் இடம் வேண்டாம். புதுத் தொட்டியில் கண்ணாடியிலும் இலையிலும் பழுப்புத் தூள் படிவது சகஜம், விரலால் துடைத்தால் போகும், சில வாரத்தில் தானே நின்றுவிடும்.

மோலிக்கு உப்பு போடச் சொல்லியிருப்பார்கள். போட்டுக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். கடினமான போர்வெல் தண்ணீரில் மோலி உப்பில்லாமலே நன்றாக இருக்கும், செடிக்கோ உப்பு ஆகாது. மீனுக்கு நோய் வந்தால் நீல மருந்து, செம்பு கலந்த மருந்து எதையும் செடித் தொட்டியில் ஊற்றாமல், மீனைத் தனி வாளியில் வைத்துப் பாருங்கள். 'திரவக் கார்பன்' என்று விற்பதும் வேண்டாம். அதில் பெரும்பாலும் இருப்பது குளுட்டரால்டிஹைடு. நான் சொன்ன செடிகளில் வாலிஸ்னேரியாவையும் ஹார்ன்வொர்ட்டையும் அது கரைத்துவிடும்.

உரத்தில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மீன் கழிவிலிருந்தே கிடைக்கும். குறைவது பொட்டாசியமும் இரும்பும். பழைய இலையில் குண்டூசி குத்தியதுபோல் ஓட்டை விழுந்து ஓரம் மஞ்சளானால் பொட்டாசியம் குறைவு. புதுத் துளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்பு குறைவு. தொட்டிச் செடிக்கென்று விற்கும் திரவ உரத்தை, பாட்டிலில் சொன்னதில் பாதி அளவு, வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றிய பிறகு விடுங்கள். மாடித்தோட்டத்துக்கு வாங்கிய யூரியா, டிஏபி பக்கமே போகாதீர்கள், மீன் செத்துவிடும்.

ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். மேல்மூடியைத் திறந்து சின்ன மின்விசிறியைத் தண்ணீர் மட்டத்தை நோக்கித் திருப்பினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள், போர்வெல் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். முழுத் தொட்டியையும் ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புவதும் தப்பு, செடிக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் அதில் இருக்காது.

பத்து நாள் பயணம் பிரச்சினை இல்லை. கிளம்புவதற்கு முந்தைய நாள் தண்ணீர் மாற்றி, பழுத்த இலைகளைக் கிள்ளி, டைமரை 5 மணி நேரத்துக்குக் குறைத்துவிடுங்கள். உரம் வேண்டாம். வளர்ந்த கப்பியும் மோலியும் இலையில் படிந்த பாசியை மேய்ந்தே ஓட்டிவிடும். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துப் போவதானால் தீவனத்தை ஒரு சிட்டிகை வீதம் காகிதத்தில் மடித்து, இரண்டு நாளுக்கு ஒரு பொட்டலம் என்று வைத்துவிட்டு, டப்பாவை ஒளித்துவிடுங்கள். வெட்டிய செடிகளை வாய்க்காலிலோ குளத்திலோ கொட்டாமல் தென்னை மரத்தடியில் போடுங்கள், நல்ல உரம்.