விதையில் முளைத்த வெண்ணெய்ப்பழச் செடி காய்க்குமா?

கேள்வி: கடையில் வாங்கிய பட்டர் ஃப்ரூட்டின் கொட்டையைப் பல்குத்தும் குச்சிகளால் தாங்கி, தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குவளையின் மேல் வைத்திருந்தேன். முளைத்து, இப்போது ஒரு முழ உயரம் வளர்ந்திருக்கிறது. இலைகளின் நுனி மட்டும் பழுப்பேறிக் கருகுகிறது. தொட்டிக்கு மாற்றலாமா? எத்தனை ஆண்டுகளில் காய்க்கும்?
– மாடித்தோட்ட வாசகி, மதுரை

பதில்: உடனே மாற்றிவிடுங்கள். முளைவிட்ட செடிக்குத் தொடக்கத்தில் உணவளிப்பது கொட்டையின் இரு பருப்புகளே. அந்தச் சேமிப்பு குறையக் குறைய, வெறும் தண்ணீரில் நிற்கும் செடி மெலியத் தொடங்கும். எனினும், நடும்போது கொட்டையைக் கிள்ளி எறிந்துவிடக் கூடாது. அதன் மேல்பாதி மண்ணுக்கு வெளியே தெரியும்படி வைத்து, எளிதில் ஒடியக்கூடிய ஆணிவேர் மடங்காத அளவுக்கு ஆழமான தொட்டியில் நடுங்கள். செம்மண்ணுடன் ஆற்று மணலும் மண்புழு உரமும் கலந்து, ஊற்றிய நீர் அடித்துளை வழியே தடையின்றி வடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் தேங்கினால் பைட்டோப்தோரா என்னும் வேரழுகல் நோய் தாக்கும்; உலகெங்கும் இந்த மரத்துக்குப் பெரும் பகை அதுதான். விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் நுழைத்துப் பார்த்து, ஈரம் தட்டுப்படாதபோது மட்டும் நீர் விடுங்கள்.

நுனிக் கருகலுக்குப் பெரும்பாலும் உப்புநீரே காரணம். நீரிலுள்ள குளோரைடை இந்தச் செடி சிறிதும் தாங்காது. வேர் உறிஞ்சும் உப்பு இலையின் நுனியிலும் விளிம்பிலும் சேர்ந்து அந்தப் பகுதியைக் கருகச் செய்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர்த்து, மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள். அதற்கு வழியில்லாதபோது, நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பதைவிட, அடியில் வழிந்தோடும் அளவுக்கு ஒருமுறை நிறைய ஊற்றி, மண்ணில் படிந்த உப்பைக் கழுவி வெளியேற்றுவது நல்லது. கருகிய பகுதி மீண்டும் பச்சையாகாது; புதிய தளிர்கள் பழுதின்றி வருகின்றனவா என்பதைக் கவனியுங்கள். கோடையில் மாடி வெயில் நேரடியாகப் படாமல் நிழல்வலையும் தேவை.

காய்ப்பைப் பற்றி உங்களிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். விதைக் கன்று பூக்கவே ஐந்தாறு ஆண்டுகள் ஆகலாம். பத்தாண்டுகளைத் தாண்டியும் பூக்காமல் நிற்பவை உண்டு. ஒட்டுக்கன்றோ மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கிவிடும். மேலும், நீங்கள் சாப்பிட்ட அதே பழம் இந்தச் செடியில் கிடைக்காது. வெண்ணெய்ப்பழப் பூ ஒவ்வொன்றும் இருமுறை மலர்கிறது: முதல் நாள் பெண் பூவாக விரிந்து மூடிக்கொண்டு, மறுநாள் ஆண் பூவாக மீண்டும் விரிகிறது. ஒரு வகை மரங்களில் பெண் நிலை காலையிலும், மற்றொரு வகையில் பிற்பகலிலும் அமைவதால், ஒன்றின் மகரந்தம் மற்றொன்றைச் சேர்வது எளிதாகிறது. இவ்வாறு அயல் மகரந்தம் கலந்து உண்டாகும் விதைகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குணத்துடன் முளைக்கின்றன. அரிதாக அது நன்மையாகவும் முடியும்: இன்று உலகச் சந்தையை நிறைத்திருக்கும் ஹாஸ் ரகம், கலிபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்னும் தபால்காரரின் தோட்டத்தில் தற்செயலாக உருவான விதைக் கன்றுதான்; 1935-இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

உங்கள் கன்றை நல்ல வேர்ச்செடியாக, அதாவது வேறொரு மரத்தின் கிளையை ஒட்டுவதற்கான அடிச்செடியாகக் கருதுவதே என் பரிந்துரை. தண்டு பென்சில் பருமனை எட்டியதும், நன்றாகக் காய்க்கும் மரத்தின் முற்றிய நுனிக்கிளையைக் கொண்டு, பழகிய கையால் ஆப்பு ஒட்டுக் கட்டச் செய்யுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டிகேடி-1 ரகம், கீழ்ப்பழனி மலைச் சூழலில் நன்றாக வருகிறது. மதுரை வெப்பத்தில், அதுவும் தொட்டியில், காய் பிடிப்பது கடினம். பளபளக்கும் பெரிய இலைகளுக்காக வளர்ப்பதென்றால் குறையொன்றுமில்லை.

கேள்வி: எங்கள் தோட்டத்து பட்டர் ஃப்ரூட் மரத்தைக் கவாத்து செய்தோம். தழையை ஆட்டுக்குப் போடலாமா?
– வாசகர், வத்தலக்குண்டு

பதில்: கூடவே கூடாது. இலை, பட்டை, கொட்டை ஆகியவற்றில் உள்ள பெர்சின் என்னும் நச்சு, ஆடு மாடுகளின் மடியையும் இதயத்தையும் பாதிக்கும். வளர்ப்புக் கிளிகளுக்குப் பழச்சதைகூட ஆகாது. ஆடு எட்டாத இடத்தில் தழையைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். ஏற்கெனவே தின்றிருந்தால், மடிவீக்கமோ மூச்சிரைப்போ தெரியும்வரை காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.