பூனைக்கு நகம் எடுப்பது பற்றிக் கேட்ட காவேரிப்பட்டணத்துத் தம்பிக்கு

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து டாலஸுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, கார் இன்சூரன்ஸ் எங்கே எடுப்பது, கேழ்வரகு மாவு எங்கே கிடைக்கும், வாடகை வீட்டுக்காரர் பூனையின் முன்னங்கால் நகங்களை எடுத்துவிட்டு வரச் சொல்கிறாரே, அதற்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். இன்சூரன்ஸுக்கு நாலு இடத்தில் விலை கேளுங்கள். மாவு இந்தியக் கடைகளில் கிடைக்கும். நகத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள் தம்பி. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் பாலக்கோட்டுக்காரி. 2007-இல் வந்த புதிதில் எனக்கும் ஒரு வீட்டுக்காரர் இதையேதான் சொன்னார். எங்களுக்கு முன்பே வந்து வேரூன்றிய நம்மவர் ஒருவரிடம் யோசனை கேட்டோம். "இங்கே எல்லாரும் செய்வதுதான், நகம் வெட்டுற மாதிரிதான்" என்றார். டெபாசிட் போய்விடுமோ என்ற பயத்தில் நம்பிவிட்டோம். முதலில் வந்தவர் சொன்னால் அப்படியே கேட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சொல்கிறவர்களும் தெரியாததைத் தெரிந்ததாகவே சொல்கிறார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வரும்.

பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்து வளர்கிறது. மறுபடி முளைக்கக் கூடாது என்றால் அந்த எலும்பையே மூட்டோடு துண்டிக்க வேண்டும். முன்னங்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து விரல், ஆக மொத்தம் பத்துத் துண்டு. உங்கள் கையை விரித்து, எல்லா விரலிலும் கடைசிக் கணு போய்விட்டதாக நினைத்துப் பாருங்கள். லேசரில் செய்தால் ஒன்றும் ஆகாது என்பார்கள். லேசரிலும் போவது அதே எலும்புதான்.

எங்கள் பூனை மணி, கட்டுப் பிரித்து வந்த பிறகு, மலஜலம் கழிக்க மணல் போட்டு வைக்கும் லிட்டர் பெட்டிப் பக்கமே போகவில்லை. புண்பட்ட விரலில் அந்த மணல் குத்தியிருக்கிறது. பெட்டி என்றாலே வலி என்று அதன் மனதில் பதிந்துவிட்டது. புண் ஆறிய பிறகும் கார்ப்பெட்டில்தான் போகும். எந்த டெபாசிட்டுக்குப் பயந்து செய்தோமோ அது முழுதாகப் போனது. அதுவரை யாரையும் கடிக்காத பூனை, கீறி விலக்க நகம் இல்லாததால் கடிக்க ஆரம்பித்தது. பூனை விரல்களை ஊன்றித்தான் நடக்கும். நுனி போனால் நடையே மாறுகிறது, பாரம் வேறு இடத்தில் விழுகிறது, முதுகு வலி வருகிறது. எலும்புத் துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் வேதனை தீராது. வலியைப் பூனை மறைத்துக்கொள்ளும், அதனால் நாமும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

நியூயார்க் மாநிலம் இதை 2019-இல் தடை செய்தது, அமெரிக்காவில் அதுதான் முதல் மாநிலம். நம் டெக்சாஸில் ஆஸ்டின் நகரம் 2021-இல் தடுத்தது. கலிபோர்னியாவில் வீட்டுக்காரர் இப்படி ஒரு நிபந்தனை போடவே கூடாது. உங்கள் வீட்டுக்காரரிடம் கூடுதல் டெபாசிட் தருகிறோம், நகத்தை நாங்களே வெட்டிப் பராமரிக்கிறோம் என்று பேசிப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் வேறு வீடு பாருங்கள், இந்த ஊரில் வீட்டுக்குப் பஞ்சமில்லை.

நகம் வெட்டுவது பெரிய வித்தை இல்லை. விரலை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். வெள்ளை நுனியை மட்டும் வெட்டுங்கள். உள்ளே ரோஜா நிறத்தில் தெரிவது ரத்தக் குழாய், அதைத் தொடாதீர்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். அப்புறம், கீறுவதற்கு ஒரு கட்டை வேண்டும். பூனை முழு உடம்பையும் நீட்டிக் கீறும் உயரத்தில், ஆடாமல் நிற்க வேண்டும். அதில் சுற்றியிருக்கும் கயிறு, நம் ஊரில் ரயில் பாதையோரம் நிற்குமே கத்தாழை, அந்த இனத்து நார்தான். பழசானால் நானே புதுக் கயிறு வாங்கிச் சுற்றிவிடுவேன்.

பாலக்கோட்டு வீட்டில் கேழ்வரகு மூட்டைக்கு எலி வராமல் ஒரு சாம்பல் பூனை காவல் இருந்தது. தெரு நாய் துரத்தினால் ஒரே மூச்சில் புளிய மரத்தில் ஏறிவிடும். மரப்பட்டை முழுக்க அதன் நகத் தடம்தான். அம்மா 2010-இல் இங்கே வந்திருந்தபோது மணியை மடியில் போட்டுக்கொண்டு பாதத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தார். "நகம் எங்கே போச்சும்மா?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஊருக்குக் கிளம்பும் வரை தினமும் அந்தப் பாதங்களைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

மணி இப்போது இல்லை. வீட்டில் இப்போது இருக்கும் இரண்டு பூனைகளுக்கும் தலா பதினெட்டு நகமும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை உங்கள் பூனையைக் கொண்டுவாருங்கள் தம்பி, முதல் தடவை நான் வெட்டிக் காட்டுகிறேன்.