ஏற ஏற மறைகிற மாளிகை

போன இதழில் செங்கல் கட்டடங்களைப் பற்றி எழுதும்போது டெல்லி குடியரசுத் தலைவர் மாளிகையைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு நம் பக்கத்து ஊர்களிலிருந்து இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த முறை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். முதல் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம். முப்பத்து மூன்று வருடம் பொதுப்பணித்துறையில் கட்டட வேலை பார்த்தவனுக்கு அந்தக் கேள்வியைச் சட்டென்று கடந்து போக முடியவில்லை.

கேள்வி: பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு டெல்லி போயிருந்தோம். இந்தியா கேட் பக்கத்திலிருந்து பார்த்தபோது குடியரசுத் தலைவர் மாளிகை நன்றாகத் தெரிந்தது. கிட்டே போகப் போக மறைந்துவிட்டது. மேலே இருக்கிற குவிமாடத்தின் உச்சி மட்டும் தெரிந்தது. மேடு ஏறிய பிறகு மறுபடி முழுசாக வந்தது. "கிட்டே போனால் பெரிதாகத்தானே தெரியணும், ஏன் மறைஞ்சுது?" என்று ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. (வாசகி, குடியாத்தம்)

உங்கள் மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள் அம்மா. அந்த மாளிகையையும் அதன் முன்னால் இருக்கிற செயலகங்களையும் கட்டிய இரண்டு பெரிய கட்டடக் கலைஞர்களின் நட்பு முறிந்ததே இந்த விஷயத்தில்தான்.

முதலில் அவளுக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொல்கிறேன். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிற பேருந்தைக் கவனித்திருப்பாள். முதலில் கூரை மட்டும் தெரியும். அப்புறம் முன்கண்ணாடி, அப்புறம் சக்கரம். பேருந்து முழுதாகத்தான் வருகிறது. பாலத்தின் மேடுதான் நம் கண்ணை மறைக்கிறது. டெல்லியில் நடப்பதும் இதுவே. ராய்சினா மேட்டின் விளிம்பு ஒரு திரை மாதிரி நிற்கிறது. தூரத்தில் இருக்கும்போது நம் பார்வை அந்த விளிம்புக்கு மேலாகப் போகிறது. மேட்டின் அடிவாரமான விஜய் சௌக்குக்கு வந்துவிட்டால் விளிம்பு உயர்ந்து, மாளிகையின் உடம்பு மறைந்துபோகிறது.

சரி, இத்தனை செலவு செய்து கட்டியவர்கள் இதை யோசிக்கவில்லையா? யோசித்தார்கள். அதுதான் கதை.

1911 டிசம்பர் 12-ஆம் தேதி டெல்லி தர்பாரில், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். அடுத்த வருடம் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் இடம் பார்க்க வந்தார். வைஸ்ராய் மாளிகை, அதாவது இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகை, அவர் பொறுப்பு. நார்த் பிளாக், சௌத் பிளாக் என்று இன்று நாம் சொல்கிற இரண்டு செயலகங்களும் ஹெர்பர்ட் பேக்கர் பொறுப்பு. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் யூனியன் பில்டிங்ஸ் கட்டியவர் பேக்கர். இருவரும் இளமையிலிருந்தே நண்பர்கள். ராய்சினா, மால்சா கிராமத்து ஜனங்களை அப்புறப்படுத்திவிட்டு எடுத்த நிலம் இது. குடி பெயர்ந்த அந்தக் குடும்பங்களை நினைக்காமல் இந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேச எனக்கு மனசு வருவதில்லை.

முதல் திட்டத்தில் மேட்டின் தலையில் மாளிகை மட்டும்தான். செயலகங்கள் கீழே. பிறகு செயலகங்களும் மேட்டின் மேலேயே, ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்று முடிவாகி, மாளிகையைச் சுமார் 400 கஜம் பின்னால் தள்ளினார்கள். இரண்டு செயலகங்களுக்கும் நடுவில் சமதளமாக ஒரு பெரிய முற்றம். அந்த முற்றத்துக்குக் கீழேயிருந்து ஒரு சாய்வுப் பாதை. அதன் வாட்டம் இருபத்திரண்டரைக்கு ஒன்று, அதாவது இருபத்திரண்டரை அடி நடந்தால் ஓர் அடி உயரும். 1913-இல் இந்த வாட்டத்துக்கு லட்யன்ஸும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்.

அதன் விளைவு அவருக்குப் பிறகுதான் உறைத்தது. பாதையை இன்னும் உள்ளே வெட்டி, வாட்டத்தை மெதுவாக மாளிகை வரை இழுத்துக்கொண்டு போனால் எங்கே நின்றாலும் மாளிகை தெரியும் என்று போராடினார். பேக்கர் இணங்கவில்லை. அப்படி வெட்டினால் அவருடைய முற்றம் இரண்டாகப் பிளந்துபோகும். 1916-இல் லட்யன்ஸின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூவையும் பேக்கர் பெயரையும் சேர்த்து, இது என் "பேக்கர்லூ" என்று சொல்லி வருந்தினார் லட்யன்ஸ்.

அந்த வருத்தம் எனக்கு நன்றாகப் புரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேடும் பள்ளமுமான ஓர் இடத்தில் ஒரு அரசுக் கட்டடம் கட்டினோம். பிளான் கச்சிதமாக இருந்தது. நிலம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைக் காட்டும் செக்‌ஷன் படத்தைச் சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கட்டி முடித்துத் தெருவில் நின்று பார்த்தால், முன்னால் போட்ட மண்மேடு வாசலையும் பெயர்ப்பலகையையும் மறைத்துக்கொண்டு நிற்கிறது. வருகிறவர்கள் பக்கத்துப் பெட்டிக்கடையில் வழி கேட்டுக்கொண்டு வந்தார்கள். வயதான ஒரு அம்மா இரண்டு தடவை கட்டடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்ததை நானே பார்த்தேன். அன்றிலிருந்து எந்தப் படம் வந்தாலும் முதலில் செக்‌ஷனைத்தான் விரிப்பேன்.

ஓய்வு பெற்ற பிறகு நானும் என் மனைவியும் காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லி போனோம். விஜய் சௌக்கிலிருந்து அந்தச் சாய்வில் நடந்தே ஏறினோம். இருபது தப்படிக்கு ஒருமுறை நின்று பார்த்தேன். குவிமாடம், அதன் கீழே தூண்களின் தலை, அப்புறம் தூண்கள், கடைசியில்தான் படிகள். பூமியிலிருந்து ஒரு கட்டடம் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வருகிற மாதிரி இருந்தது. லட்யன்ஸ் இதைத் தோல்வியாக நினைத்தார். அவர் சொன்ன காரணம் சரி என்று ஒரு பொறியாளனாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடந்து ஏறுகிறவனுக்கு அது ஒரு நல்ல காட்சியாகத்தான் இருக்கிறது. "கோயில் தேர் தெரு முனை திரும்பி வர்ற மாதிரி இருக்கு" என்றாள் என் மனைவி. உங்கள் மகளையும் அடுத்த முறை காரில் கூட்டிப் போகாமல், காவலர்கள் விடுகிற தூரம் வரை நடத்திக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: எவ்வளவு பெரிய கட்டடம் அது? நம் வேலூர்க் கோட்டையை விடப் பெரிதா? (வாசகர், சத்துவாச்சாரி)

கோட்டை 133 ஏக்கர். மாளிகை வளாகம் 330 ஏக்கர், ஏறக்குறைய இரண்டரை மடங்கு. மாளிகைக்குள் 340 அறைகள். 70 கோடி செங்கல்லும் 30 லட்சம் கன அடிக் கல்லும் போனதாகக் கணக்கு. நம் பக்கம் ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு இருபத்தைந்தாயிரம் செங்கல் என்று வைத்துக்கொண்டால், 28,000 வீடு கட்டலாம். நான்கு வருடத்தில் முடிக்க நினைத்தார்கள். முதல் உலகப் போர் குறுக்கே வந்து 1929 வரை இழுத்துவிட்டது.

கேள்வி: வெள்ளைக்காரன் தனக்காகக் கட்டிக்கொண்ட வீடுதானே? அதில் நம் நாட்டுக் கட்டடக்கலை என்று ஏதாவது இருக்கிறதா, ஐயா? (பாலிடெக்னிக் மாணவர், வாலாஜாபேட்டை)

தனக்காகக் கட்டிக்கொண்டான் என்பது சரி. ஆனால் கட்டிய கை நம்முடையது தம்பி. கல் தச்சர்களும் கொத்தனார்களும் சித்தாள்களும் இந்த மண்ணின் ஆட்கள். லட்யன்ஸுக்கு ஆரம்பத்தில் இந்தியக் கட்டடங்கள் மேல் பெரிய மரியாதை இல்லை. ஆனாலும் இங்கே இருந்து எடுத்துக்கொள்ளாமல் அவரால் இந்தக் கட்டடத்தைக் கட்ட முடியவில்லை.

குவிமாடத்தைப் பார். அதன் உருவம் சாஞ்சி ஸ்தூபியை நினைவுபடுத்தும். கழுத்துப் பகுதியில் ஓடுகிற கல் வேலி சாஞ்சியின் வேலியேதான். அப்புறம், சுவர் முழுக்க ஓடுகிற மெல்லிய கல் சஜ்ஜா. நம் கோயில் மண்டபங்களில் கொடுங்கை என்ன வேலை செய்கிறதோ அதே வேலை அதற்கு. உச்சி வெயிலில் சுவருக்கு நிழல், மழையில் சுவர் நனையாமல் காப்பு. வேலூர் வெயிலில் வளர்ந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் இப்போது சஜ்ஜாவை ஒன்றரை அடிக்குக் குறைத்துவிட்டு, ஜன்னலை மூடி ஏசி போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது.

தூண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தூணின் தலையில் நான்கு மூலையிலும் கல்லில் செதுக்கிய மணிகள் தொங்கும். கிரேக்கத் தூண், ரோமானியத் தூண் என்று படிப்பாய் அல்லவா, அந்த வரிசையில் சேராத புது வகை இது. கர்நாடகத்து மூடபித்ரியில் இருக்கும் சமணக் கோயிலின் மணிகளைப் பார்த்து வந்த யோசனை என்பார்கள். கல் மணி அசையாது, ஒலிக்காது. மணி ஓய்ந்தால் ஆட்சி முடியும் என்று ஒரு நம்பிக்கை உண்டாம், கல் மணிக்கு ஓய்வே இல்லை என்பது கணக்கு. 1931-இல் முதல் ஆளாகக் குடியேறியவர் வைஸ்ராய் இர்வின். பதினாறு வருடத்தில் ஆட்சி போய்விட்டது.

கல்லைப் பற்றிக் கேட்டால் நான் நிறுத்த மாட்டேன், இருந்தாலும் சுருக்கமாக. அங்கே இருப்பது ராஜஸ்தானின் தோல்பூர்ப் பக்கத்து மணற்கல், சிவப்பும் வெளிர் மஞ்சளும். நம் கோட்டையும் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் கருங்கல். மணற்கல் அடுக்கடுக்காகப் படிந்து உருவானது, உளிக்கு இணங்கும். அதனால்தான் ஜாலி என்கிற கல் சல்லடை ஜன்னல்களைத் துணி நெய்த மாதிரி துளைக்க முடிந்தது. கருங்கல் அப்படி இணங்காது. அதில் நம் கல்யாண மண்டபத்து யாளியையும் குதிரை வீரனையும் செதுக்கிய சிற்பியை இன்னும் ஒரு படி மேலே வைக்கிறேன். நீ வாலாஜாவில்தானே இருக்கிறாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அந்த மண்டபத் தூண்களைத் தொட்டுப் பார்.

கேள்வி: நான் தோல் பதனிடும் தொழிலில் இருக்கிறேன். அந்த மாளிகையில் ஒரு மண்டபத்தின் கூரையில் தோலில் வரைந்த ஓவியம் இருப்பதாக ஒருவர் சொன்னார். நிஜமா? (வாசகர், பேர்ணாம்பட்டு)

நிஜம். அசோகா ஹால் என்று இருந்து, 2024-இல் அசோக் மண்டபம் என்று பெயர் மாறிய இடம் அது. முதலில் வெள்ளைக்காரர்களின் நடன மண்டபமாகக் கட்டியது. விதானத்தின் நடுவில் தோலில் வரைந்த பாரசீக ஓவியம். பாரசீக மன்னர் ஃபத் அலி ஷா தன் பிள்ளைகளோடு குதிரையில் வேட்டையாடும் காட்சி. அதைச் சுற்றியுள்ள ஓவியங்களை ஓர் இத்தாலிய ஓவியரின் மேற்பார்வையில் இந்திய ஓவியர்கள் வரைந்தார்கள். பதனிட்ட தோல் எத்தனை தலைமுறை தாங்கும் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள். எழுதுங்கள், வெளியிடுகிறேன்.

கேள்வி: மாணவர்களுக்குச் சொல்வதற்காகக் கேட்கிறேன். நம் பழைய வடாற்காடு மாவட்டத்துக்கும் அந்த மாளிகைக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? (ஆசிரியை, ஆரணி)

உண்டு அம்மா, இரண்டு பேர் வழியாக.

ஒருவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் 1888-இல் பிறந்தபோது திருத்தணி வடாற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்துவிட்டுத்தான் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவராக அந்த மாளிகையில் இருந்தார். ஆபீசர்ஸ் லைனில் பேருந்தில் போகும்போது கல்லூரியைக் காட்டிப் பிள்ளைகளிடம் சொல்லலாம்.

இன்னொருவர் ராஜாஜி. அவர் சேலத்துக்காரர், ஆனால் அவரை வேலூருக்குக் கொண்டுவந்தது வெள்ளைக்கார அரசாங்கம். 1921 டிசம்பரில் ஒத்துழையாமை இயக்கத்துக்காகத் தண்டனை பெற்று, வேலூர் மத்திய சிறையில் மூன்று மாதம் இருந்தார். அங்கே நாட்குறிப்பும் எழுதினார். அதே நேரத்தில்தான் டெல்லியில் வைஸ்ராய்க்கு அந்த மாளிகை எழுந்துகொண்டிருந்தது. 1948 ஜூன் 21-ஆம் தேதி, நாட்டின் முதல் இந்திய கவர்னர் ஜெனரலாக அதே மாளிகைக்குக் குடிபோனார் ராஜாஜி.

போய், வைஸ்ராயின் படுக்கையறையைப் பார்த்துவிட்டு எனக்கு இது வேண்டாம் என்றார். விருந்தினர் பகுதியில் சில சின்ன அறைகளை எடுத்துக்கொண்டார். அவருக்குப் பிறகு வந்த குடியரசுத் தலைவர்களும் அந்தப் பகுதியில்தான் குடியிருக்கிறார்கள். வைஸ்ராயின் அறைகள் வெளிநாட்டு விருந்தினர்களுக்கு என்று ஆகிவிட்டன. நாட்டில் உணவுப் பஞ்சம் இருந்த நேரம் அது. வளாகத்தில் ஒரு பகுதியை உழுது கோதுமை விதைக்க வைத்தார். 1950 ஜனவரி 26 அன்று, அந்த மாளிகையின் தர்பார் ஹாலில்தான் இந்தியா குடியரசானதாக அறிவிக்கப்பட்டு, ராஜேந்திர பிரசாத் பதவியேற்றார்.

ஆரணி சாலையில் பாகாயம் தாண்டி வேலூருக்குள் வரும்போது தொரப்பாடியில் அந்தச் சிறை இருக்கிறது. கோட்டை பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டி வருகிற அன்று அந்தப் பக்கம் வண்டியை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். உள்ளே போக முடியாது. மதில் தெரியும், அது போதும். அந்த மதிலுக்குப் பின்னால் மூன்று மாதம் இருந்தவர்தான் வைஸ்ராயின் கட்டிலை வேண்டாம் என்றவர் என்று சொல்லுங்கள்.