முதலில் மாத்திரை, பிறகு பம்பு

கேள்வி: எனக்கு 46 வயது, எடை 71 கிலோ. எட்டு வருஷமாகத் தைராய்டு மாத்திரை போடுகிறேன். 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்து, 75 ஆகி, இப்போது 100. அப்படியும் டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ஏறும் அளவு) 14. போன மாதம் ஸ்கேனில் ஃபேட்டி லிவர், கிரேடு 2 என்று வந்தது. ஈரலுக்கான ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 62; பிளேட்லெட் 2.4 லட்சம். விடியற்காலை டீயோடு தைராய்டு, கால்சியம் இரண்டையும் போட்டுக்கொண்டு பம்படிக்குப் போனால், பத்துக் குடம் பிடித்து முடிக்க ஒரு மணி நேரமாகும். வேலைக்குப் போகிற பிள்ளைகள் இருவர். தூங்கட்டும் என்று எழுப்புவதில்லை. தைராய்டு மாத்திரைதான் ஈரலைக் கெடுத்தது, அதை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லி சாப்பிடு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. நிறுத்தலாமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: நிறுத்தக் கூடாது. அக்கா சொல்வது தலைகீழ்.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் விவரமாக எழுதிய நீங்கள், முக்கியமானதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்: டீயோடு. அதுவும் கால்சியத்தோடு! குடலுக்குள் கால்சியம் தைராய்டு மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். டீயும் பாலும் தம் பங்குக்கு உறிஞ்சலைக் குறைக்கும். விழுங்கியது 100, உடம்பில் ஏறியது எவ்வளவோ. இது தெரியாமலே டோஸ் இரண்டு முறை ஏறியிருக்கிறது. நீங்கள் டாக்டரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்டிருக்க வேண்டும்.

ஈரலுக்கு வருவோம். கொழுப்பை எரிக்கும்படி ஈரலைத் தூண்டுவதே தைராய்டு ஹார்மோன்தான். அது குறைந்தால் எரிவது மந்தமாகி, கொழுப்பு ஈரலிலேயே தங்கும். ரத்தத்திலிருந்து எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ராலை ஈரல் இழுத்துக்கொள்வதும் குறையும். அதனால் கொலஸ்ட்ராலும் ஏறும். அமெரிக்காவில் 2024 மார்ச்சில் அனுமதி பெற்ற ரெஸ்மெடிரோம் என்ற ஈரல் மருந்து, ஈரலில் தைராய்டு ஹார்மோன் வந்து ஒட்டும் இடமான ஏற்பியைத் தூண்டித்தான் வேலை செய்கிறது. அது தழும்பு விழுந்த ஈரலுக்கானது; உங்களுக்கு இப்போது வேண்டாம். கீழாநெல்லியை மஞ்சள் காமாலைக்குக் கொடுப்பார்கள். தைராய்டு குறைவை அது சரிசெய்யாது.

உங்களுக்குத் தழும்பு இருக்கிறதா என்று கணக்குப் போட்டே ஓரளவு பார்க்கலாம். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். வந்ததைப் பிளேட்லெட்டாலும் (ஆயிரக்கணக்கில், அதாவது 240) எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தாலும் வகுத்தால் 1.17 வருகிறது. 1.3க்குக் கீழே என்றால் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. இன்னும் எட்டு வருஷம் இப்படியே டீயோடு விழுங்கினால் இதே கணக்கு வரும் என்று நினைக்காதீர்கள்.

வழி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. எழுந்ததும் வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரை மட்டும். பிறகு பம்படி. பத்துக் குடம் முடிந்து வந்தபின் டீ. அந்த ஒரு மணி நேர இடைவெளியே போதும். கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குப் போடும் ஆன்டாசிட் (அமிலத்தை முறிக்கும் மருந்து) இருந்தால் அவற்றுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

டீ குடிக்காமல் பம்படியில் நிற்க முடியாதா? அப்படியென்றால் நிற்காதீர்கள். வேலைக்குப் போகிற இரண்டு பேர் போர்வைக்குள் இருக்க, தைராய்டு குறைந்து கைகால் அசந்துபோகிற தாய் பத்துக் குடம் தூக்குவதைப் பாசம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்களைக் கெடுக்கிறீர்கள். ஆளுக்கு ஐந்து குடம், நாளைக்கே எழுப்புங்கள். தாய்க்குத் தண்ணீர் பிடித்துக் கொடுப்பது பிள்ளைகளின் கடமை, உதவி இல்லை.

மாத்திரை சரியானாலே ஈரல் முழுக்கத் தெளிந்துவிடாது. ஐந்து கிலோ குறைய வேண்டும். எடையில் 7 சதவீதம் குறைந்தாலே ஈரல் கொழுப்பு இறங்கும். இரவுச் சோற்றைப் பாதியாக்குங்கள், டீக்குச் சர்க்கரை வேண்டாம். ஹெச்.பி.ஏ.1.சி.யும் (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) கொலஸ்ட்ராலும் பார்த்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. வெறும் வயிற்றில் போட ஆரம்பித்தால் இதே 100 உங்களுக்கு அதிகமாகிவிடலாம். மாற்றப்போவதை இப்போதே டாக்டரிடம் சொல்லி, ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் டி.எஸ்.எச். பாருங்கள். அதற்குள் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வந்தால் அந்தத் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே போங்கள்.