அமெரிக்காவே மாற்றிச் சொல்கிறது, பேத்திக்கு ஊசி போடலாமா?

கேள்வி: மகன் வயிற்றுப் பேத்திக்கு ஒன்பது மாதம் முடிகிறது. வரும் புதன்கிழமை தட்டம்மை ஊசி. அமெரிக்காவில் இருக்கும் மூத்த மருமகன், 'தடுப்பூசியால் ஆட்டிசம் வராது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று இங்கே அரசாங்கமே போட்டிருக்கிறது' என்று அனுப்பியிருக்கிறார். அரசாங்கமே இப்படிச் சொன்னால் யாரைத்தான் நம்புவது? (ஒரு பாட்டி, உசிலம்பட்டி)

பதில்: அம்மா, புதன்கிழமை ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன். ஆட்டிசம் என்பது குழந்தை பேசுவதையும் பிறரோடு பழகுவதையும் பாதிக்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு.

மருமகன் அனுப்பியது பொய்யில்லை. அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி., 2025 நவம்பரில் தன் இணையப் பக்கத்தை அப்படித்தான் மாற்றியது. ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 'தடுப்பூசிகள் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை' என்ற பழைய தலைப்பை எடுக்காமல், அந்தத் தலைப்பின் அருகே ஒரு நட்சத்திரக் குறி போட்டார்கள். கீழே அதற்கு விளக்கம்: அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டின் குழுத் தலைவர் ஒருவரோடு செய்துகொண்ட உடன்பாட்டால் தலைப்பை நீக்கவில்லையாம். மருத்துவக் குறிப்பில் உடன்பாட்டுக்கு என்ன வேலை? பழைய ஆய்வுகளைக் கவிழ்க்கும் புது ஆய்வு எதுவும் வரவில்லை. ஆட்கள்தான் மாறினார்கள். தடுப்பூசிகளை நெடுநாளாகக் குறை சொல்லிவந்த ராபர்ட் கென்னடி ஜூனியர் 2025 பிப்ரவரியில் அமெரிக்கச் சுகாதார அமைச்சரானார். ஜூனில் தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் 17 பேரையும் நீக்கினார்.

ஆகவே ஓர் அரசு பேச்சை மாற்றினால், ஆதாரம் மாறியதா, ஆள் மாறினாரா என்று முதலில் பாருங்கள். நம்மூர் அரசுக்கும் இதே கேள்விதான். தேர்தல் நேரத்தில் டெங்குக் கணக்கைச் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை, அந்தக் கணக்கு ஓர் அரசின் கையில் மட்டும் இருக்கிறது. தட்டம்மை ஊசியின் கதை வேறு. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்து 2019இல் வெளியான ஆய்வு, ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை என்றது. உலக சுகாதார நிறுவனம், இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் மூன்றும் ஊசியைப் போடத்தான் சொல்கின்றன. இவர்களுக்குப் பொதுவான முதலாளி கிடையாது. இந்தப் பயத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருந்தவர்கள் 12 குழந்தைகள். அதை எழுதிய மருத்துவர், ஊசி தயாரிப்பாளர்கள் மீது வழக்குப் போட முனைந்த வழக்கறிஞர்களிடம் பணம் வாங்கியது பிறகு தெரிந்தது. 2010இல் அதை வெளியிட்ட மருத்துவ இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

2017இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டபோதும் வாட்ஸ்அப் முழுக்க வதந்திதான். மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளி வாசலில், ஒரு தாய் பையனின் கையை விடாமல், போனை என் காதில் வைத்து ஒரு குரல் பதிவைக் கேட்கச் சொன்னார். பேசியவர் பெயர், ஊர் எதுவும் அதில் இல்லை. 'யார் இவர்?' என்றேன். அவருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற மாமியார்தான், மணல்வாரி, அதாவது தட்டம்மை, போட்டுத் தன் தங்கை செத்ததைச் சொல்லிப் பையனை உள்ளே அனுப்பினார்.

உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், 104க்கும் பேசலாம். அன்றைக்கு வேறு ஊசிகளும் சேர்த்துப் போடுவார்கள், சாயங்காலம் காய்ச்சல் அடிக்கலாம். தட்டம்மை ஊசியின் காய்ச்சலும் லேசான தடிப்பும் ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் தலைகாட்டும். ஓரிரு நாளில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். அட்டையைப் பத்திரமாக வையுங்கள், 16 மாதத்துக்கு மேல் இரண்டாவது தவணை இருக்கிறது.